ஒரு முழ வெள்ளை

எங்கள் ஊஞ்சவலசில் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்திலிருந்த குப்பைமேடு காணாமல் போன அன்றைக்கு யாரும் குப்பைமேட்டைத் தேடவில்லை, அதில் மேய்ந்துகொண்டிருந்த மயில்சாமி அண்ணனின் கோழிகளைத்தான் தேடினோம். அவையெல்லாம் கழுவிவிட்ட மாதிரி கிடந்த வெறுந்தரையில், கல்யாணத்துக்குத் தேதி மாறி வந்துவிட்ட ஒறம்பரைச் சனம் போல, ஒன்றையொன்று பார்த்தபடி நின்றிருந்தன. மயில்சாமி அண்ணன் அங்கே டீக்கடை வைத்திருப்பவர், கல்யாணம் கட்டாதவர், கோழிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், மனிதர்களை "ஏய்" என்பார். அவர் கோழிகளைச் சரிபார்த்துவிட்டு, குப்பை இருந்த இடத்தைக் காலால் ஒருதரம் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கோகிலா அழிச்சிருப்பா" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச நேரமில்லை, பஸ் வந்துவிட்டது.

கோகிலவாணி எங்கள் பக்கத்து வீடு, டீக்கடைக்கு நேர் எதிரே. கல்யாணத்துக்கு முன்னால் ஈரோட்டில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தவள், இங்கே வாக்கப்பட்டு வந்த பிறகு வீட்டு முன்னறையிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, காதுகுத்து, கிடாவிருந்து, சீர், கடைதிறப்பு என்று எல்லாவற்றுக்கும் படம் போட்டு டவுனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம் வந்தபோது, கோயில் தலைவர் நாச்சிமுத்து மாமா வந்து, "கண்ணு, ஒவ்வொரு ஊர்லயும் மூஞ்சி மூஞ்சியா பிளெக்ஸ் வெக்கறாங்க, நாம மூஞ்சி வெச்சா எவன் மூஞ்சி பெருசுன்னு அடிதடி ஆயிரும், அதனால மூஞ்சியே வேண்டாம், முழு ஊரையும் போட்டுரு" என்று சொன்னார். கோகிலா முழு ஊரையும் போட உட்கார்ந்தாள்.

அவள் போடுவது போட்டோ மாதிரி இல்லை. போட்டோ என்றால் புள்ளிகளால் ஆனது, பெரிதாக்கினால் நொய்யரிசி மாதிரி உடைந்துபோகும். இவள் போடுவது கோடுகளால் ஆனது, ஒரு கோழியைக் கோபுரம் அளவுக்கு இழுத்தாலும் உடையாது, சுற்றிலும் மூடின கோடு, உள்ளே நிறம், அவ்வளவுதான். இதைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவள் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தாள், பார்க்க வராதவர்கள் யாருமில்லை, வந்தவர்கள் எல்லாருக்கும் படத்தில் இடம் வேண்டியிருந்தது. சரசக்காவுக்கு அவளும் அவள் மாடு லச்சுமியும். பூசாரிக்குப் பூசாரியும் அவர் டிவிஎஸ் வண்டியும். தலைவருக்குத் தொப்பை தெரியாத பக்கமாகப் பார்த்து நிற்கிற தலைவர். காலை பதினோரு மணிக்கு அவரவர் எங்கே இருப்பார்களோ அங்கேயே அவரவரை வைத்தாள் கோகிலா. நான் அந்த நேரத்துக்கு டீக்கடை வேப்பமரத்தடியில் நின்று, என் பெண் சம்யுக்தாவை இடுப்பில் வைத்துக்கொண்டு காக்காய் காட்டிச் சோறு ஊட்டுகிறவள் ஆகையால், வேப்பமரத்தடியில் நானும் இடுப்பில் அவளும். "பூங்கோதையக்கா, உங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஒரே கோட்டுல போட்டுட்டேன். தனித்தனியாப் போட்டா வேலை ஜாஸ்தி. எப்படியும் அவ உங்க இடுப்பை விட்டு எறங்கறதே இல்லையே" என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரே கோடு, எங்கே நான் முடிகிறேன், எங்கே அவள் தொடங்குகிறாள் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. படம் முடிந்தபிறகு ஊரில் ஒரு வழக்கம் வந்தது: பதினோரு மணியானால் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு அவரவர் படத்து இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நிற்பது. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை, நின்றோம்.

அந்தப் படத்திலிருந்துதான், குப்பைமேடு அழகாக இல்லையென்று, கோகிலா அதை ரப்பரால் அழித்தாள். ஊரிலும் குப்பை போயிற்று.

ரப்பர் என்றால் பள்ளிக்கூடத்து ரப்பர் மாதிரி எச்சில் தொட்டுத் தேய்த்து நோட்டைக் கறையாக்குவதில்லை. இது எதன்மேல் ஓடுகிறதோ அதைச் சுத்தமாக வெட்டிக்கொண்டு போகும், வெட்டின ஓரத்தை அதுவே மூடிவிடும், பிசிறு கிடையாது, தூள் கிடையாது. ஆனால் எதை அழிக்கிறோமோ அதை முதலில் தொட்டு செலக்ட் பண்ண வேண்டும். செலக்ட் பண்ணினால் அதை மட்டும் அழிக்கும். ஒன்றையும் செலக்ட் பண்ணாமல் ஓட்டினால், வழியில் பட்ட எல்லாவற்றையும் அழித்துக்கொண்டே போகும்.

அவ்வளவுதான் சங்கதி, அதை ஊர் சீக்கிரமே புரிந்துகொண்டது. கோகிலா வீட்டு வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்தன. சரசக்கா வீட்டுக் கேட்டுக்கு நேராக நின்ற பழைய கல்தூண் போயிற்று. பூசாரியின் மூக்கோரத்து மரு போயிற்று. தலைவர் நாச்சிமுத்து மாமா யாருமில்லாத நேரம் பார்த்து வந்து, "கண்ணு, பெருசா வேண்டாம், சும்மா ஓரமா ஒரு ஓட்டு" என்று தொப்பையைக் காட்டினார். மறுநாள் கோயில் கூட்டத்தில் எழுந்து பேசும்போது அவர் வேட்டி பிடிப்பில்லாமல் கீழே இறங்கி, கூட்டம் நல்லபடியாக முடிந்தது. பங்காளி வீட்டு மதில்சுவரை அழிக்கச் சொல்லி ஒருத்தர் வந்தபோது கோகிலா ரப்பரைக் கீழே வைத்துவிட்டாள். "அவிங்களையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் இந்தப் பாய்ல உக்காந்து ஆமான்னு சொல்லுங்க, அழிக்கறேன்." அவர்கள் சேர்ந்து வந்து உட்காரவுமில்லை, மதில் போகவுமில்லை, அதிலிருந்து எல்லாவற்றுக்கும் அதுவே சட்டமாயிற்று. அப்புறம் கோகிலா மவுசில் கை வைத்ததும் பாயில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே குரலில், "செலக்ட் பண்ணிட்டயா அம்மிணி?" என்று கேட்பார்கள். அந்தப் பேச்சு அவள் வீட்டை விட்டு வெளியேயும் வந்துவிட்டது. பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளையிடம் கேட்டார்கள், ஊருக்குக் கிளம்புகிறவர்களிடம் கேட்டார்கள், லாரியில் நாக்பூருக்கு லோடு ஏற்றிப் போன என் வீட்டுக்காரரே போனில், "சாப்பிட்டயா"வுக்கு முன்னால் அதைத்தான் கேட்டார்.

வாய்க்கால் ஓரத்துப் பார்த்தீனியத்தை அழிக்கவேண்டும் என்று ஊரே கேட்டுக்கொண்ட அன்று, கோகிலா பார்த்தீனியத்தை முழுக்கவும் செலக்ட் பண்ணி வைத்திருந்தாள், பாயிலிருந்தவர்கள் கேட்டார்கள், அவளும் பண்ணியாச்சு என்றாள். அப்போது குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து, படத்தில் சும்மா இருந்த ஓர் இடத்தில் ஒரு கிளிக் கொடுத்தாள். சும்மா இருக்கிற இடத்தில் கிளிக் கொடுத்தால் செலக்ட் போய்விடும், இது அவளுக்குத் தெரியும், தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் பாயில் இருந்தவர்கள் ஒருதரம் கேட்டாயிற்றே என்று அதற்குள் அவரவர் படத்து இடத்துக்குக் கிளம்பிவிட்டார்கள், மறுதரம் கேட்க ஆளில்லை. அவள் வாய்க்கால் முனையிலிருந்து ஏரி வரைக்கும் ஒரே ஓட்டமாக ரப்பரை ஓட்டினாள். எங்கள் ஊரில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை, அதனால் ஒரு கோடு போட்டதும் சேவ் பண்ணுவது அவள் விரலுக்கு மூச்சு விடுவது மாதிரி பழகியிருந்தது, விரல் சேவ் பண்ணியது, கரண்ட் போயிற்று. செய்ததைத் திரும்ப எடுக்கிற வழி கம்ப்யூட்டர் விழித்திருக்கிற வரைக்கும்தான். அது தூங்கி எழுந்தால் முன்னே செய்தது அதற்கு ஞாபகமிருக்காது.

அப்போது பதினோரு மணி. நாங்களெல்லாம் அவரவர் இடத்தில் நின்றிருந்தோம்.

வெள்ளை வாய்க்காலிலிருந்து வந்தது. சுண்ணாம்பு வெள்ளை இல்லை, பால் வெள்ளை இல்லை, எதுவும் எழுதாத தாளின் வெள்ளை. ஒரு முழ அகலத்துக்கு, சத்தமில்லாமல், ஊரின் குறுக்கே நேராக ஓடி ஏரிக்குள் போய் முடிந்தது. சரசக்காவின் லச்சுமி முன்பாதியும் பின்பாதியுமாக நின்று, முன்பாதி தீனி தின்ன, பின்பாதி சாணி போட்டது. பொதுக்கிணறு ரெண்டாகி, தண்ணீர் இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்த மாதிரி நிமிர்ந்து நின்றது. தெருநாய் டைகருக்கு இந்தப் பக்கம் தலையும் அந்தப் பக்கம் வாலும். இங்கே பிஸ்கட் போட்டால் அங்கே வால் ஆடியது, பிள்ளைகளுக்கு அது ஒரு வாரத்துக்குப் போதுமான வேடிக்கையாக இருந்தது. கோயில் கோபுரத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, வெள்ளை இந்தப் பக்கம் வந்து நின்று, அந்தப் பக்கம் மறுபடி தொடங்கிப் போயிருந்தது. பூசாரி கற்பூரம் ஏற்றி, "பாத்தீங்களா, ஆத்தாளை ஒண்ணும் பண்ண முடியல" என்றார். "இல்லீங் பூசாரி, கோபுரத்தை மட்டும் நான் போட்டோவா ஒட்டியிருந்தேன், ரப்பர் போட்டோவை வெட்டாது" என்றாள் கோகிலா. "அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் பூசாரி.

வேப்பமரத்தடியில் வெள்ளை எனக்கும் சம்யுக்தாவுக்கும் நடுவே போயிற்று.

வலியில்லை. அவளைச் சுற்றியிருந்த என் கை என்னிடமே வந்து நின்றது, அவ்வளவுதான். அவள் ஒரு முழம் தள்ளி, அதே இடுப்பு உயரத்தில், அந்தரத்தில் உட்கார்ந்து, வாயோரத்தில் பருப்புச் சோற்றோடு காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓரடி எடுத்து அவளிடம் போனேன். அவள் ஓரடி தள்ளிப் போனாள். கையை நீட்டினேன், நீட்டின அளவுக்கு நகர்ந்தாள். வெள்ளையைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடிப்போய் நின்றால், அவளும் என்னோடேயே ஓடிவந்து அதே ஒரு முழத்தில் நின்றாள். வெட்டுப்பட்டாலும் கோடு ஒன்றுதானே. நான் நகர்ந்தால் அவள் நகர்வாள், எங்கே போனாலும் அந்த ஒரு முழம் கூடாது, குறையாது. மயில்சாமி அண்ணன் டீ வடிகட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "ஏய், அழுவாத, நான் எடுத்துத் தர்றேன்" என்று அவளைத் தூக்கினார். என் கால் தரையை விட்டு எழும்பியது. "அண்ணா, எறக்குங்க! எறக்குங்கண்ணா, எல்லாரும் பாக்கறாங்க!" என்று நான் கத்த, அவர் மெதுவாக எங்கள் இரண்டு பேரையும் தரையில் இறக்கி வைத்தார்.

ஊர் எங்களையும் பழகிக்கொண்டது. வெள்ளையில் கரண்ட் கம்பியும் அறுந்து, கரண்ட் வராத நாட்களில் அழுதுகொண்டே இருந்த கோகிலாவைத் தேற்றுகிற வேலையும் எங்களுக்கே வந்தது, அவள் வீட்டுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்ததும் சரசக்காதான், லச்சுமி பாதி பாதியாக நின்றபோதும். நான் உட்கார்ந்தால் சம்யுக்தா தரைக்கு வருவாள், தவழ்ந்து போவாள், நான் உட்கார்ந்தபடியே, அரிந்த வெங்காயமும் அரிவாள்மணையும் அங்கே இருக்க, அவள் பின்னால் வழுக்கிக்கொண்டு போவேன். குளிக்கப் போகவேண்டுமென்றால் வாசலில் நின்று குரல் கொடுக்கவேண்டும்: "பூங்கோதை தொட்டிக்குப் போறேன், வழியில சைக்கிள் இருந்தா எடுங்க!" பிள்ளை அந்தரத்தில் மிதந்து போகும்போது மயில்சாமி அண்ணன் அவள் தலைக்குமேலே குடை பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார், "ஏய், நேராப் போ, கொடைக்கு வெளிய போவாத, இதுக்குன்னே பொறந்தேன் பாரு" என்று என்னைத் திட்டிக்கொண்டே. என் வீட்டுக்காரர் வீடியோ காலில், "ரெண்டு பேரையும் ஒண்ணாக் காட்டு" என்றார். "காட்டறேன் மாமா, நடுவுல ஒரு முழம் இருக்கும், கண்டுக்காதீங்க" என்றேன். அவர் சிரித்தார், அப்புறம் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகலெல்லாம் சிரித்துச் சமாளித்துவிடலாம். பால்தான் சமாளிக்க முடியவில்லை. அவள் பசித்து என்னைப் பார்த்து உதட்டைச் சப்புவாள், எனக்கு மார்பு கட்டி ரவிக்கை நனையும், நடுவில் ஒரு முழம். பீய்ச்சின பாலைக் கோகிலா வாங்கி அந்தப் பக்கம் கொடுப்பாள். பாலாடையில் விட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊட்டத் தெரிந்தது மயில்சாமி அண்ணனுக்குத்தான், டீ ஆற்றுகிற கை. குடித்துவிட்டு அவள் அவர் சட்டையில் வாய் துடைப்பாள். நான் அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஈ.பி. ஆள் வந்து கம்பியை இழுத்துக் கட்டியதும் கரண்ட் வந்தது. படத்தைத் திறந்து பார்த்த கோகிலா, வெட்டுப்பட்டதை ஒட்டுகிற வழியைச் சொன்னாள். "பாதி பாதியா இருந்தாலும் இப்ப அது ஒரே உருவந்தான். ஒரு பாதியை இழுத்தா இன்னொண்ணும் கூடவே வந்துரும், பக்கத்துல வராது. அதனால மொதல்ல நெசமாலுமே ரெண்டாப் பிரிக்கணும், பிரிச்சுட்டு ஒண்ணைப் புடிச்சு இன்னொண்ணுக்குப் பக்கத்துல வெச்சு, அப்புறம் வெல்டு, ரெண்டையும் ஒரே கோடா ஒட்டறது." கோயில் கமிட்டி கூடி, வாயில்லா ஜீவன்கள் முதலில் என்று முடிவு பண்ணியது, எனக்கும் அது சரியென்று பட்டது.

டைகரை முதலில் பிரித்தாள். நாங்கள் ஊரே சுற்றி நின்று பார்த்தோம். அவள் உள்ளேயிருந்து "பிரிக்கறேன்" என்று கத்தினாள், அந்தப் பக்கத்து வால் ஆடுவதை நிறுத்தியது, இந்தப் பக்கத்துத் தலை திரும்பி, தன் சொந்தப் பின்பாதியைப் பார்த்து, வேற்றூர் நாயைப் பார்க்கிற மாதிரி பல்லைக் காட்டி உறுமியது. கோகிலா நகர்த்தி வைத்து ஒட்டுகிற வரைக்கும் உறுமிக்கொண்டேயிருந்தது. ஒட்டியதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது, ஒரு முழம் குட்டையாக. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை.

லச்சுமியின் முன்பாதி, பிரிந்த அந்த நேரத்தில் பின்பாதியை விட்டுவிட்டு மேய்ச்சலுக்குக் கிளம்பியது, சரசக்கா கொம்பைப் பிடித்துத் தொங்கி நிறுத்தினாள். கிணற்றுத் தண்ணீர் இரண்டும் சேர்ந்தபோது ஒரு பெரிய மிடறு விழுங்குகிற சத்தம் கேட்டது. வீடு, வேலி, பூசாரி வண்டி, ஒவ்வொன்றாகச் சேர்ந்தது, வெள்ளை மூடிக்கொண்டே வந்தது, ஊர் ஒரு முழம் ஒடுங்கிப் போனதைத் தவிர எல்லாம் பழையபடி ஆனது. நான் மட்டும் "என்ன அவசரம் கோகிலா, மொதல்ல அதைப் பாரு, இதைப் பாரு" என்று தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் வேப்பமரத்தடி வெள்ளை மட்டும் மிச்சமிருந்தது.

"அக்கா, வெள்ளிக்கிழமை பிளெக்ஸ் பிரிண்ட்டுக்குப் போவுது" என்றாள் கோகிலா. "அடிச்சுக் கட்டிட்டா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது, படம் எப்படியோ அப்படித்தான். வாங்கக்கா. பிரிக்காம சேக்க முடியாது."

"பிரிச்சதும் அவ டைகரு மாதிரி பாத்தா?"

"அவ என்ன நாயா, உறும?"

"உறும வேண்டாம் கோகிலா. பஸ்ஸுல பக்கத்து சீட்டுப் பொம்பளையப் பாக்கற மாதிரி பாத்தாலே போதும், நான் முடிஞ்சேன்."

"கண்ணு சிமிட்டறதுக்குள்ள வெல்டு பண்ணிருவேன். பழையபடி ஒரே கோடு, இடுப்புல அவ. யாராலயும் எறக்க முடியாது" என்றாள். பாயில் உட்கார்ந்திருந்த சரசக்கா, "ஒட்டிப்போடு சாமி, வேறென்ன யோசனை" என்றாள். தலைவரும், "ஒட்டறதுதான் முறை" என்றார். யாராலயும் இறக்க முடியாது என்பது எனக்குத் தேனாக இனித்தது. நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மயில்சாமி அண்ணனுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், ஒரு முழம் தள்ளி அவள் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். திடீரென்று எனக்கு உடம்பு லேசானது. மடியிலிருந்த வெங்காயமெல்லாம் உருண்டு ஓடியது. நான் உட்கார்ந்தபடியே தரையிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பியிருந்தேன். திரும்பிப் பார்த்தேன்: சம்யுக்தா பெஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இடுப்பை விட்டு இறங்காத என் மகள், ரெண்டு காலையும் அகட்டி ஊன்றி, முகம் சிவந்து, மூச்சைப் பிடித்து நின்றிருந்தாள், அவள் நிற்கிற வரைக்கும் நான் அந்தரத்தில் தொங்கினேன். என் பாரம் தாங்காமல் அவள் முழங்கால் ஆடியது, பொத்தென்று உட்கார்ந்தாள், நானும் பொத்தென்று உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. மறுபடி பெஞ்சைப் பிடித்தாள். மறுபடி நான் எழும்பினேன். மறுபடி என் பாரம் அவளை இழுத்துக் கீழே போட்டது.

"ஏய், இன்னிக்குப் பூராவும் இதே வேலைதான் அவளுக்கு" என்றார் மயில்சாமி அண்ணன், வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே. "பால் ஊட்டறப்பவே பாத்தேன், நீ அடுப்பு முன்னால அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தீல்ல, உனக்குத் தெரியல. அவ உன்னைத் துளி அசைச்சதுல பாத்திரம் உருண்டிருக்கும், நீ பூனைன்னு நெனச்சிருப்ப."

நினைத்துத்தான் இருந்தேன். பூனையை வேறு திட்டியிருந்தேன்.

மறுநாள் காலையிலேயே கோகிலா வீட்டுக்குப் போனேன். "பிரி" என்றேன். "வெல்டு வேண்டாம்."

பாயிலிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒட்டாமல் விட்டால் பிள்ளை யார் கூப்பிட்டாலும் போய்விடும் என்றாள் சரசக்கா. அவள் பேத்தி அப்படித்தான் திருப்பூர்க்காரனோடு போனாளாம், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கோகிலா மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். "பிரிச்சு விட்டா விட்டதுதான் அக்கா. அவ உங்ககிட்ட வரலாம், வராமயும் இருக்கலாம். நான் புடிச்சு நகத்தி வெக்கட்டுமா, அதாவது பண்ணட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். "எங்கியும் நகத்தாத. இருக்கற எடத்துலயே பிரி. செலக்ட் பண்ணிட்டயா?"

"பதினோரு மணி ஆவட்டும்க்கா, ரெண்டு பேரும் எடத்துக்குப் போங்க."

பதினோரு மணிக்கு வேப்பமரத்தடியில் போய்த் தரையில் உட்கார்ந்தேன், அவள் விழுந்தால் உயரத்திலிருந்து விழக்கூடாது என்று. ஊர் அன்றைக்கு அவரவர் இடத்துக்குப் போகவில்லை, எங்களைச் சுற்றி நின்றது. தலைவர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பூசாரி திருநீற்றைக் கொண்டுவந்து என் நெற்றியில் வைத்தார், எட்டி அவள் நெற்றியிலும் வைத்தார். மயில்சாமி அண்ணன் பால் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார், பொங்கினாலும் பார்க்க ஆள் கிடையாது என்று. சன்னல் வழியாகக் கோகிலாவின் குரல் வந்தது, "அக்கா, பிரிக்கறேன்!"

சேலைக் கரையிலிருந்து நூலொன்றைச் சர்ரென்று உருவின மாதிரி இருந்தது. எங்கள் நடுவிலிருந்த வெள்ளை மண்ணாயிற்று, அதன்மேல் வேப்பம்பூ உதிர்ந்தது.

சம்யுக்தா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பயந்த அதே பார்வை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியைப் பார்க்கிற பார்வை, ஒரு நெற்றி, ஒரு மூக்குத்தி, ஒரு பச்சைச் சேலை, யாரிது. வாய் வரைக்கும் வந்த அவள் பெயரை நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் நினைத்துவிட்டால்? இப்போது நான் கையை நீட்டினால் தொட்டுவிடலாம், ஒரு முழம்தான், இத்தனை நாளாக எதற்கு ஏங்கினேனோ அது, நான் கையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என்னை முழுக்கவும் பார்த்து முடித்துவிட்டு, பெஞ்சுக் காலைப் பிடித்து எழுந்தாள். நான் தரையிலேயே இருந்தேன். என் உடம்பு முழுக் கனத்தோடு மண்ணில் இருந்தது, அவள் முழங்கால் ஆடவில்லை.

பெஞ்சை விட்டாள்.

ஓரடி வைத்தாள், நான் நகரவில்லை. இன்னோரடி வைத்தாள். கூடாமலும் குறையாமலும் இருந்த அந்த ஒரு முழம் என் கண்ணெதிரில் ரெண்டு முழமாகி, நாலு முழமாகி, அதற்குமேல் அளக்கத் தெரியாத தூரமாகிக்கொண்டே போயிற்று, அவள் அண்ணன் கடையிலிருந்த வறுக்கி ரொட்டி பாட்டிலைப் பார்த்து, குடித்தவன் மாதிரி ரெண்டு பக்கமும் சாய்ந்து, கையை விரித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். சரசக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பாட்டிலுக்குக் கிட்டே போனதும் காலில் கால் பின்னி, முகம் மண்ணில் பட விழுந்தாள்.

மயில்சாமி அண்ணன் ஓடப் பார்த்தார். தலைவர் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

அவள் முகத்தைத் தூக்கினாள். உதடு பிதுங்கியது. சுற்றி நின்ற முகங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், குடை பிடித்த முகம், பாலாடை ஊட்டின முகம், திருநீறு வைத்த முகம், எல்லாவற்றையும் தாண்டி என் முகத்தில் வந்து நின்று, ஊரே கேட்க, "ம்மா" என்றாள்.

நான் எழுந்து ஓடினேன். யாரும் இழுக்கவில்லை, யாரும் தூக்கவில்லை, என் காலால் நான் ஓடினேன், போய்த் தொட்டேன். மண்ணும் சளியும் வேப்பம்பூவுமாக இருந்த அந்த மூஞ்சியை மார்போடு அழுத்திக்கொண்டு மரத்துப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன், பெண்கள் சுற்றி வந்து மறைத்துக்கொண்டார்கள். எத்தனையோ நாள் பசியை ஒரேயடியாகத் தீர்த்துக்கொள்கிற மாதிரி குடித்தாள், ஒரு கையால் என் தாலிக்கயிறைப் பிடித்துக்கொண்டு. நான் அழுதேன் என்று சரசக்கா ஊரெல்லாம் சொல்லுகிறாள், சொல்லட்டும். பாதி குடித்தவள் வாயை எடுத்துவிட்டாள். காலை உதைத்தாள். இடுப்பில் வைத்தேன், முதுகை வளைத்து வழுக்கினாள். இறக்கி விட்டேன்.

சன்னலிலிருந்து கோகிலா எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, வெல்டு பண்ணட்டுமா, வேண்டாமா? கடைசியாக் கேக்கறேன், பிரிண்ட்டுக்கு அனுப்பப் போறேன்!"

நான் சேலையைச் சொருகிக்கொண்டு எழுந்தேன். சம்யுக்தா ரோட்டுப் பக்கமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள், பஸ் வருகிற நேரம், அவள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.